வண்டிக்கடியில் ஓர் அட்டை

துபாய் அல் குசைஸில் பத்து வயதைத் தாண்டிய கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு,

அண்ணன்மார், அக்காமார், பாய்மார், தம்பிமார் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். டமாஸ்கஸ் தெருப் பக்கம் குடியிருந்தாலும் சரி, மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டிய கட்டடத்தில் இருந்தாலும் சரி, எல்லை தாண்டி ஷார்ஜாவில் வீடு எடுத்துக்கொண்டு வேலைக்கு மட்டும் இங்கே வந்தாலும் சரி, காலையில் வண்டியை எடுத்தபிறகு அது நின்ற இடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தரையில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தால் மேலே படியுங்கள்.

எங்கள் கட்டடத்துக் காவலாளியான நாத்தூர் பாய் என் வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருந்தார். தண்ணீர் பாட்டில் வந்த பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, முன் சக்கரங்களுக்கு நடுவே தள்ளியிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தார். மூன்றாவது அட்டையில்தான் என் கண் திறந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது. அதற்கு முன்னால் அந்த எண்ணெய் எல்லாம் தரையில் விழுந்திருக்கிறது. அவர் மரத்தூள் போட்டு, சோப்புத்தூள் போட்டு, குனிந்து தேய்த்திருக்கிறார். நான் அலுவலகத்தில் ஏசியில் உட்கார்ந்திருந்தேன்.

2024 ஏப்ரல் 16ஆம் தேதி மழை யாருக்கும் மறந்திருக்காது. 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இந்த நாடு பார்க்காத மழை. நம் தெருக்களில் நின்ற தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அதில்தான் நடந்தோம். அந்தப் படலத்தில் என் வண்டியின் பங்கும் இருந்திருக்கும்.

கசிவு எனக்குத் தெரியாமல் இல்லை. மாதம் ஒருமுறை ஆயில் குச்சியை இழுத்துப் பார்ப்பேன், குறைந்திருந்தால் அரை லிட்டர் ஊற்றுவேன். வயசான வண்டி, கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். உங்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறீர்கள். மூன்று வயதைத் தாண்டிய வண்டிக்கு இங்கே வருஷாவருஷம் பாஸிங் என்ற பரிசோதனை உண்டு. அந்த வருஷம் பாஸிங்கில் என் கொரோலா தோற்றது. காகிதத்தில் எழுதியிருந்த காரணம் ஒன்றே ஒன்று: ஆயில் கசிவு.

ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கி, கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் நனைந்திருப்பதைக் காட்டினார்கள். பின்பக்க சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒரு மாத வீட்டுச் சாமான் செலவைவிட அதிகம். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். அதே காரணத்துக்காகத் தன் வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட ஒரு நண்பர் எனக்கு உண்டு. உங்களுக்கும் இருப்பார்.

மகன் வீட்டுக்கு வந்திருந்த கீழக்கரைக்காரர் ஒருவர் எங்கள் கட்டடத்தில் தங்கியிருந்தார். தேராவில் கராஜ் வேலையிலேயே நரைத்தவர். காக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும் பானெட்டைத் திறக்கச் சொன்னார். கீழே குனியவே இல்லை. "எண்ணெய் மேலேயிருந்துதான் தம்பி கீழே வரும். சந்தேகத்தையும் மேலேயிருந்து ஆரம்பி" என்றார். எஞ்சின் ஆறியபிறகு மேல்பகுதியை நன்றாகத் துடைக்கச் சொன்னார். பிறகு வீட்டிலிருந்து முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் கேட்டு வாங்கி, எஞ்சினின் மேல்மூடி தலையோடு சேரும் விளிம்பைச் சுற்றி லேசாகத் தூவினார். இரண்டு நாள் ஓட்டிவிட்டு வந்து பார்த்தோம். வெள்ளைப் பவுடரில் பின்பக்க மூலையிலிருந்து ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. அந்தக் கோடு எஞ்சினின் முதுகு வழியாக வழிந்து, கராஜில் காட்டிய அதே இடத்தில் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்பக்க சீலில் குறையே இல்லை. போயிருந்தது டேப்பட் கவர் பேக்கிங்.

இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் புத்தகத்தில் சிலிண்டர் ஹெட் கவர் கேஸ்கட் என்று இருக்கும், வால்வ் கவர் கேஸ்கட் என்றும் சொல்வார்கள். ஆனால் தேராவிலோ ஷார்ஜா தொழிற்பேட்டையான சனாயாவிலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று டேப்பட் கவர் பேக்கிங் என்றால் மலையாளிக்கும் புரியும், பட்டாணிக்கும் புரியும். வண்டிப் பதிவு அட்டையான முல்கியாவைக் கொடுத்தால் அதிலுள்ள சேசிஸ் நம்பரைத் தட்டிச் சரியான பேக்கிங்கை எடுத்துத் தருவார்கள். வாய்வார்த்தையாக மாடலும் வருஷமும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள்; ஒரே வருஷத்து ஒரே மாடலில் இரண்டு வகை எஞ்சின் இருக்கும். ஸ்பார்க் பிளக் குழாய்களைச் சுற்றி வரும் வளைய சீல்கள் பேக்கிங்கோடு சேர்ந்து வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் சேர்த்து நூறு திர்ஹமைத் தாண்டவில்லை.

இது ஏன் போகிறது என்று வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "குக்கர் கேஸ்கட் மாதிரிதானே?" என்றாள். அதேதான். புதிதாக இருக்கும்போது குக்கர் வளையம் மெத்தென்று மூடியோடு ஒட்டிக்கொள்ளும். சூடுபட்டுச் சூடுபட்டு நாளடைவில் விறைத்து, சுருங்கி, பக்கவாட்டில் ஆவியை விடும். டேப்பட் கவரும் ஒரு மூடிதான். உள்ளே கேம்ஷாஃப்டுகள் சுழலும், சூடான எண்ணெய் தெறித்துக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெயை உள்ளே நிறுத்துவது விளிம்பைச் சுற்றிய ஒரு ரப்பர் நாடா மட்டுமே. ரப்பருக்கு வயதாவதற்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: சூடு பத்து டிகிரி கூடினால் முதுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வரும். ஆகஸ்ட் மாதம் சாயங்காலம் இத்திஹாத் ரோட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகரும்போது பானெட்டுக்கு உள்ளே காற்றோட்டம் அற்றுப் போகிறது. ஊட்டியில் ஓடும் அதே வண்டியின் பேக்கிங்கும் நம்முடையதும் ஒன்றாகக் கிழடுதட்டுமா?

குக்கரில் இன்னொன்றும் இருக்கிறது. வெயிட் போடும் குழாயைப் பருப்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அழுத்தம் வேறு வழி தேடும். எஞ்சினுக்கும் அப்படி ஒரு மூச்சுக்குழல் உண்டு, பிசிவி வால்வ் என்பார்கள். பிஸ்டன் பக்கமாகக் கீழே கசியும் வாயுவை அது திரும்ப உறிஞ்சி எரிய அனுப்புகிறது. எண்ணெய்க் கசடு ஏறி அது அடைத்துப்போனால் உள்ளே அழுத்தம் சேர்ந்து, பலவீனமான விளிம்பு வழியாக எண்ணெயைத் தள்ளும். பேக்கிங்கை மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டால் புது பேக்கிங்கும் சீக்கிரம் ஒழுகும். பல வண்டிகளில் இந்த வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்க்கலாம். கலகலவென்று சத்தம் வந்தால் நல்லது, ஊமையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். விலை பெரிதில்லை.

கசிவை அப்படியே விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணம் சொல்கிறேன். எண்ணெய் பிளக் குழிக்குள் இறங்கினால் இக்னிஷன் காயிலின் ரப்பர் உப்பி, எஞ்சின் திக்கித் திணறி ஓடும். அதைக் காயில் கோளாறு என்று நினைத்துக் காயில் காயிலாக மாற்றியவர்கள் உண்டு. அடுத்தது அதைவிட மோசம். கவருக்குக் கீழே, எஞ்சின் அமைப்பைப் பொறுத்து முன்னாலோ பின்னாலோ, பழுக்கக் காய்ந்த சைலன்சர் மேனிஃபோல்ட் இருக்கிறது. அதில் சொட்டினால் முதலில் கருகல் வாடை வரும், பிறகு புகை வரும், ஒரு நாள் தீயும் பிடிக்கலாம். ஏசி வழியாக வண்டிக்குள் கருகல் வாடை வருகிறது என்று அக்காமார் யாராவது சொன்னால் சிரித்துத் தள்ளாதீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் வண்டி அது.

இனி எங்கே வைத்துச் செய்வது என்ற கேள்வி. வீட்டிலேயே செய்யலாம் என்று எவரும் சொல்லிவிடலாம். நமக்கு இங்கே வீடு என்றால் ஏழாவது மாடியில் இரண்டு அறை. வாசல் இல்லை, கொல்லை இல்லை. பொதுப் பார்க்கிங்கிலும் தெருவிலும் வண்டியைப் பிரித்துப்போட்டு வேலை பார்ப்பது விதிமீறல், எண்ணெயைத் தரையில் சிந்தினால் அபராதம். கட்டடத்துப் பார்க்கிங்கில் செய்ய நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். கேட்காமல் செய்தால் திட்டு வாங்குவது நாத்தூர்தான். நான் வில்லாவில் குடியிருக்கும் ஒரு நண்பரின் மதிலுக்குள் நிழல்பந்தலின் கீழ் செய்தேன். நம் கூட்டத்தில் வில்லாக்காரர் ஒருவராவது இருப்பார். அவருக்குக் கொஞ்சம் பிரியாணி செலவாகும், அவ்வளவே.

காலத்தையும் பாருங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் தொழிலாளியை வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறது. சம்பளம் இல்லாத வேலைக்கு நாம் மட்டும் ஏன் அந்த வெயிலில் காய வேண்டும்? டிசம்பர், ஜனவரி ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் இதற்கென்றே வந்தவை. ஷமால் காற்று அடித்துப் புழுதி பறக்கும் நாளாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். திறந்த எஞ்சினுக்குள் ஒரு சிட்டிகை மணல் போனாலும் அது எண்ணெயோடு சேர்ந்து உள்ளே எல்லாவற்றையும் தேய்க்கும்.

என் வண்டி நாலு சிலிண்டர் கொரோலா. சன்னி, லான்சர், யாரிஸ் போன்ற சின்ன வண்டிகளிலும் வேலையின் போக்கு இதுதான். வண்டி ஓர் இரவு முழுக்க நின்று ஆறியிருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எதையும் தொடுமுன் எஞ்சினின் மேல்பகுதியைப் பிரஷ் போட்டுத் தூசு தட்டுங்கள். பானெட்டுக்கடியில் ஒரு குட்டிப் பாலைவனமே இருக்கும். பிறகு போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே போனது, எந்தக் குழாய் எதன் கீழே நுழைந்தது என்று மதியம் யோசிக்கும்போது அந்தப் படங்கள்தான் கை கொடுக்கும்.

காயில்களைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். அவற்றின் பிளாஸ்டிக் கிளிப்கள் இந்தச் சூட்டில் வெந்து காய்ந்த அப்பளமாக இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் நாக்கை அழுத்திக்கொண்டு கனெக்டரைப் பிடித்து அசைத்து எடுங்கள். எந்தக் காயில் எந்தக் குழி என்று மார்க்கரால் எண் போட்டுவையுங்கள். பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் அதைத் துணியால் ஒற்றியெடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாதீர்கள். பிளக் இருக்கும்வரை எதுவும் சிலிண்டருக்குள் விழ முடியாது.

கவரின் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அவை எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. நாத்தூர் பாய் வைத்த அட்டைகளில் சுத்தமான ஒன்றை எடுத்து, அதில் கவரின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் அட்டையைக் குத்திச் செருகி வைத்தேன். இதைச் செய்துகொண்டிருக்கும்போது என் அப்பா ஞாபகம் வந்தது.

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் கிணற்றடியில் ஒரு ஆயில் எஞ்சின் பம்ப்செட் இருந்தது. குழாய் சேரும் இடத்தில் தண்ணீர் பீச்சினால் அப்பா கடைக்குப் போக மாட்டார். கல்யாணப் பத்திரிகை வந்த கனத்த அட்டையை எடுப்பார். குழாய் வாயின் மேல் வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டுவார். தட்டத் தட்ட அட்டை விளிம்போரமாகத் தானே வெட்டுப்பட்டு, போல்ட் ஓட்டைகளோடு ஒரு பேக்கிங்காக வந்துவிடும். கிரீஸ் தடவி வைத்து முடுக்குவார். நான் சின்னப் பையன், பலத்தைக் காட்ட ஸ்பேனரில் தொங்குவேன். "பேக்கிங் உக்காரணும்டா, சாகக் கூடாது" என்று கையைத் தட்டிவிடுவார். அட்டையிலேயே பேக்கிங் வெட்டிய மனிதருக்குப் பிறந்துவிட்டு, கடையில் வெட்டித் தயாராகக் கிடைக்கும் பேக்கிங்கை மாட்ட எனக்கு என்ன பயம் என்று அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

போல்ட்டுகள் வந்தபிறகும் கவர் ஒட்டிக்கொண்டு வராது. ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் நுழைத்து நெம்பாதீர்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவு. ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் நாலு தட்டு, தானாக விட்டுக்கொடுக்கும். தூக்கியதும் உள்ளே எட்டிப் பாருங்கள். உலோகம் தேன் நிறத்தில் மினுங்கினால் ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்திருக்கிறீர்கள். கறுப்புக் களி அப்பியிருந்தால் மாற்றத் தவறிய வருஷங்கள் எல்லாம் அங்கே பதிவாகியிருக்கின்றன. பார்த்துவிட்டுச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். டைமிங் செயின் இறங்கும் பள்ளத்தின் மேல் மட்டும் எதையும் நீட்டாதீர்கள், சட்டைப்பையில் பேனாகூட வேண்டாம். அதற்குள் ஒரு வாஷர் விழுந்துவிட்டால் நூறு திர்ஹம் வேலை பெரிய வேலையாகிவிடும்.

பழைய பேக்கிங்கைப் பள்ளத்திலிருந்து எடுத்தேன். ரப்பர் என்று சொல்லவே முடியாது. மடக்கினால் முறுக்கு மாதிரி படக்கென்று ஒடிந்தது. துண்டுகள் உள்ளே விழாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இனி வருவது துடைக்கும் வேலை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மொத்த நேரத்தில் பாதி இதற்கே போகும், போகவும் வேண்டும். கவரின் பள்ளம், தலையின் விளிம்பு இரண்டிலும் பழைய எண்ணெய், பழைய சீலண்ட், ரப்பர் பொடி எதுவும் இருக்கக் கூடாது. உப்புத்தாள் போடாதீர்கள், அதன் மணல் உள்ளே போகும். பிளாஸ்டிக் சுரண்டியும் பிரேக் கிளீனரும் போதும். நம் ஊர் கராஜ்களில் திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைப்பார்கள்; இங்கே கொஞ்சம் நல்ல, நூல் உதிராத துணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புது பேக்கிங்கை வறட்டுப் பள்ளத்தில் அழுத்திப் பதியுங்கள். ஊரில் அனபாண்ட் சீலண்ட் டியூபை வாங்கிச் சுற்றி முழுக்கப் பூசும் வழக்கம் நம் கையில் ஊறியிருக்கிறது. வேண்டாம். பிதுங்கி உள்ளே விழும் துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் வலையைப் போய் அடைக்கும். டைமிங் செயின் கவர் எஞ்சின் தலையோடு சேரும் இரண்டு மூலைகளில் மட்டும், பயறு அளவுக்கு ஒரு பொட்டு. வேறு இடம் இருந்தால் உங்கள் வண்டியின் புத்தகம் சொல்லும். சீலண்ட் காய்வதற்குள் கவரை நேராக இறக்குங்கள். பேக்கிங் எங்காவது பள்ளத்தை விட்டு நழுவியிருக்கிறதா என்று சுற்றிலும் விரலோட்டிப் பாருங்கள்.

கடைசியாக இறுக்குவது. இந்த மடலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் திருகி உட்காரவையுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரும் புதிருமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். பெரும்பாலான சின்ன வண்டிகளில் இந்தப் போல்ட்டுக்கான அளவு 10 நியூட்டன் மீட்டரைச் சுற்றியே இருக்கும். ஒரு சாண் நீள ஸ்பேனரின் நுனியில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. கொரோலாவின் சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர். இதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு. டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கியாவது செய்யுங்கள். கசிகிறது என்றதும் நம் கை முதலில் போவது இறுக்கத்தான். விறைத்த ரப்பர் இறுக்கினால் மிருதுவாகிவிடாது. அதிகம் இறுக்கினால் புது ரப்பர் நசுங்கிச் சாகும், கவர் வளையும், அலுமினியத்தில் மரை கழன்றுபோகும். நிற்க வேண்டிய எண்ணெய் சுத்தமான விளிம்பாலும் சமமான அழுத்தத்தாலும் நிற்கிறது. அப்பா சொன்னதும் இதைத்தான்.

காயில், ஒயர், குழாய் எல்லாம் படத்தைப் பார்த்துப் பூட்டி, சீலண்ட் டியூபில் போட்டிருக்கும் நேரம்வரை பொறுத்திருந்து, ஆயில் அளவைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மேனிஃபோல்டில் முன்பே விழுந்த எண்ணெய் எரிந்து முதலில் கொஞ்சம் புகையும், பதறாதீர்கள். ஆனால் புகை அடங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். மூன்று நாள் ஓட்டியபிறகு ஆறிய எஞ்சினில் மறுபடி விளிம்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்த் துணிகளையும் பழைய பேக்கிங்கையும் பையில் கட்டி, அவற்றை வாங்கிக்கொள்ளும் கராஜில் கொடுங்கள். சாக்கடை மூடியைத் திறந்து எதையும் ஊற்றாதீர்கள்.

எனக்குக் காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியச் சோற்றுக்கு முடிந்தது. காக்கா நாற்காலியில் உட்கார்ந்து சுலைமானி டீ குடித்தபடி மேற்பார்வை பார்த்தார். கை பழகியவர் இரண்டு மணி நேரத்தில் முடிப்பார்.

எல்லா வண்டிக்கும் இதைச் சொல்லவில்லை. வி6 எஞ்சின் வைத்த ஆல்டிமா, கேம்ரி, பஜேரோக்காரர்களே, உங்களுக்கு இரண்டு கவர்; பின்பக்கத்துக் கவரைத் தொட இன்டேக் மேனிஃபோல்டையே இறக்க வேண்டியிருக்கும். சில நிசான் எஞ்சின்களில் பிளக் குழாய் சீல் கவரோடு ஒட்டியே வருவதால் கவரையே மாற்ற வேண்டும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் கவர் பிளாஸ்டிக், மூச்சுக்குழலும் அதற்குள்ளேயே அடக்கம். சூட்டில் கவரே விரிசல் விட்டிருக்கும். இவற்றைக் கராஜில் கொடுப்பதே அழகு.

கராஜ்காரர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. குசைஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் தகரக் கூரைக்கடியில் நாள் முழுக்க நிற்கும் அவர்களில் பலர் நம்மைப் போலவே ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். என்னிடம் பின்பக்க சீல் என்று சொன்னவரும் ஏமாற்றத்தான் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கீழேயிருந்து பார்த்தார், கீழே தெரிந்ததைச் சொன்னார். மேலேயும் பாருங்கள் என்று கேட்கும் அறிவு அன்றைக்கு எனக்கு இல்லை. ஆகவே நீங்கள் கராஜுக்கே போனாலும் மூன்று விஷயம் கேளுங்கள். கசிவு தொடங்கும் இடத்தைத் துடைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிசிவியைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பேக்கிங்கைக் கையில் வாங்குங்கள். ஒரு தடவை தானே செய்தவன் அல்லது செய்வதைக் கிட்டே நின்று பார்த்தவன் கேட்கும் கேள்விக்கு எந்த மேஸ்திரியும் நிதானமாகத்தான் பதில் சொல்வார்.

என் வேண்டுகோள் சின்னது. பாஸிங் தேதி வரும்வரை காத்திராமல் இந்த வாரமே பானெட்டைத் திறந்து பாருங்கள். கசிவு இருந்து, வண்டியும் சின்ன வண்டியாக இருந்தால், குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். டார்க் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது, பவுடர் உங்கள் வீட்டில் இருக்கும். குக்கர் கேஸ்கட்டை மாற்ற ஆள் கூப்பிடாத அக்காமாரும் வரலாம்; அவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

பேக்கிங் மாற்றிய மறுநாளும் நாத்தூர் பாய் வழக்கம்போல என் வண்டிக்கடியில் அட்டை வைத்திருந்தார். ஒரு வாரம் அப்படியே கிடந்தது. அடுத்த வாரம் அதை வெளியே இழுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பொட்டு இல்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். தூக்கிப் போடப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்து வரிசையில் நின்ற ஒரு வண்டியின் முன்னால் குனிந்து, அதன் அடியில் தள்ளினார்.

அது உங்களில் ஒருவருடைய வண்டி.

அன்புடன்,
டமாஸ்கஸ் தெருப் பக்கத்து வெள்ளைக் கொரோலாக்காரன்